ராஜராஜ சோழன்: புலி, மீன், வில்... செப்புக் காசுகள் சொல்லும் வாழ்க்கைக் கதை

எடை ஏறக்குறைய 4 கிராம். இன்றைய ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வரும். செம்பு. ஒரு பக்கம் கையில் மலரோடு நிற்கும் ஒரு மனிதர். குழந்தை பென்சிலில் வரைந்தது போல, கோடு கோடாகத்தான் இருப்பார். மறுபக்கம் அதே பாணியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். பக்கத்தில் நாகரி எழுத்தில் மூன்று வரி: ஸ்ரீ ராஜராஜ.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜ சோழனின் காசுதான் இது. காவிரிப் படுகையிலும் இலங்கையிலும் இந்த வகை ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. பழங்காசு சேர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்க, சோழர் காசு என்றதும் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

ஆனால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. கேரளம் முதல் ஆந்திரம் வரை, ஈழம் முதல் மாலத்தீவு வரை படை நடத்திய மன்னர் அவர். அவருடைய இந்தக் காசில் ஒரு படைவீரன்கூட இல்லை. குதிரை இல்லை, யானை இல்லை, வாள் இல்லை. ஏன்? அந்த நிற்கும் மனிதர் யார்? இதற்கு விடை தேடினால் ராஜராஜனின் வாழ்க்கைக் கதையே வந்துவிடுகிறது.

முதலில் ரோமாபுரிக்குப் போய் வருவோம்

காசில் போரைக் காட்டுவது என்றால் உலக அளவில் முதலில் நினைவுக்கு வருவது ரோமானியர்கள்தான். கி.பி. 70-இல் ஜெருசலேம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசுகளில் அந்த வெற்றி வந்துவிட்டது: நடுவில் ஒரு பேரீச்ச மரம், அதன் அடியில் தலையில் கை வைத்து அழுதபடி ஒரு பெண், யூதேயா பிடிபட்டது என்று பொருள்படும் எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

கான்ஸ்டன்டைன் காலத்தில், அதாவது கி.பி. 330-களில், சின்னச் சின்ன வெண்கலக் காசுகள் லட்சக்கணக்கில் வந்தன. ஈட்டியோடு இரண்டு வீரர்கள், நடுவில் படைக்கொடிகள், படையின் பெருமை என்ற எழுத்து. அவருடைய மகன்கள் காலத்துக் காசில் குதிரையிலிருந்து சரியும் எதிரியை ஒரு ரோமானிய வீரன் ஈட்டியால் குத்துவான். இந்தக் காசுகள் பலவும் படைவீரர்களின் கைக்குத்தான் போயின. அதனால் காசிலேயே அவர்களுக்கு ஒரு சலாம் வைத்தார் பேரரசர்.

இதற்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ரோமானியத் தங்கம், வெள்ளிக் காசுகளோடு, கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் இந்தச் சின்ன வெண்கலக் காசுகளும் கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்திருக்கின்றன. கரூர், மதுரைப் பகுதியில் கிடைத்த இவ்வகைக் காசுகளைப் பற்றி நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி தனி நூலே எழுதியிருக்கிறார். அமராவதி கலப்பது காவிரியில். அந்தக் காவிரி கீழே இறங்கி வந்து பரவும் இடம்தான் தஞ்சை டெல்டா.

சங்க காலச் சோழர்களும் காசு அடித்தார்கள். சதுரமான செப்புக் காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வால் உயர்த்திய புலி. ரோமானியர்கள் ஆட்களை வரைந்தார்கள், சோழர்கள் சின்னத்தை வரைந்தார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு, சில நூற்றாண்டுகள் தாண்டி 10-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம்.

யார் இந்த அருள்மொழி?

ராஜராஜன் என்பது பட்டப்பெயர். பெற்றோர் வைத்த பெயர் அருள்மொழி. தந்தை சுந்தர சோழர், தாய் வானவன் மாதேவி. பிறந்த நட்சத்திரம் சதயம். அதனால்தான் தஞ்சையில் இன்றும் ஐப்பசி சதயத்தில் சதய விழா நடக்கிறது. அக்கா குந்தவை. அண்ணன் ஆதித்த கரிகாலன்.

பொன்னியின் செல்வன் நாவலிலோ மணிரத்னத்தின் படத்திலோ இந்தக் குடும்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாவலில் கற்பனை நிறைய. ஆனால் குடும்பத்தில் விழுந்த அடி நிஜம். பட்டத்துக்கு உரிய ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டார். தந்தை இறந்தபோது தாய் உடன்கட்டை ஏறினார். சின்ன வயதிலேயே அண்ணன், அப்பா, அம்மா மூவரையும் இழந்தவர் அருள்மொழி.

அடுத்து அரியணை அவருக்கு வந்ததா? இல்லை. சித்தப்பா முறையான உத்தம சோழர் மன்னரானார். மக்கள் அருள்மொழியை விரும்பியும், சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுங்கியதாக, அவருடைய மகன் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. மகன் தரப்பு ஆவணம் என்பதால் கொஞ்சம் புகழ்ச்சி கலந்திருக்கும். ஆனாலும் உள்நாட்டுச் சண்டை இல்லாமல் ஆட்சி கைமாறியது.

நம்ம கதைக்கு உத்தம சோழர் இன்னொரு வகையிலும் முக்கியம். பிற்காலச் சோழர் காசுகளில் பெயர் பொறித்து நமக்குத் தெரியவரும் முதல் காசு அவருடையதுதான். அது தங்கக் காசு. அதில் புலியும் மீனும் இருக்கின்றன. புலி சோழர் சின்னம், மீன் பாண்டியர் சின்னம். அதாவது காசில் எதிரியின் கொடியைத் தன் கொடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும் வழக்கம் ராஜராஜனுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

985: அரியணையும் பழைய கணக்கும்

985-இல் அருள்மொழி மன்னரானார். ஆட்சியின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகள் என ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் உள்ளிட்டோரின் பெயர்களை அது சொல்கிறது. அவர்களுடைய, அவர்களின் உறவினர்களுடைய சொத்துகளைக் கைப்பற்றுவது பற்றிய அரசு ஆணை அது. பல ஆண்டுகள் ஆறாமல் கிடந்த காயம் ஒரு நிலப் பரிவர்த்தனை ஆவணமாகக் கல்லில் ஏறியிருக்கிறது. ராஜராஜனின் ஆட்சிமுறைக்கு இது நல்ல அறிமுகம். எதுவாக இருந்தாலும் பதிவு செய்து வைப்பார்.

முதல் பெரிய ராணுவ வெற்றி காந்தளூர்ச் சாலை. சேர நாட்டுப் பக்கம். அங்கே என்ன நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. கப்பல்களை அழித்தார் என்பது ஒரு தரப்பு. அங்கிருந்த கல்விச்சாலையின் உணவு உரிமையோடு தொடர்புடையது என்பது இன்னொரு தரப்பு. எதுவானாலும், ஆட்சியின் 4-ஆம் ஆண்டிலிருந்தே அந்த வெற்றியைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

இன்னொரு பட்டம் மும்முடிச் சோழன். சேர, சோழ, பாண்டிய முடிகள் மூன்றும் ஒரே தலையில் என்று பொருள்.

புலி, இரு மீன், வில்: இது என்ன லோகோ?

இந்த மும்முடியைப் படமாக வரைந்தால் எப்படி இருக்கும்? சோழ அரசு முத்திரையைப் பார்த்தாலே போதும். உட்கார்ந்திருக்கும் புலி, அதற்கு எதிரே பாண்டியரின் இரண்டு மீன்கள், கூடவே சேரரின் வில். மேலே வெண்கொற்றக் குடை, இருபுறமும் சாமரம். செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் இந்த முத்திரை இருக்கும். ராஜேந்திரன் காசுகளிலும் புலி, மீன், வில் மூன்றும் வரும்.

ரோமானியக் காசோடு ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே தோற்றவர் அழுதுகொண்டிருப்பார், அல்லது குதிரையிலிருந்து விழுவார். இங்கே தோற்றவரின் சின்னம் சிதைக்கப்படவில்லை, கவிழ்த்துப் போடப்படவில்லை. முழுசாக, ஒழுங்காக, புலியோடு ஒரே குடையின் கீழ் இருக்கிறது. இந்த முத்திரையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த வில்தான். அதுவும் தோற்றவருடைய வில்!

இதைப் பெருந்தன்மை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. உன் கொடி இனி என் குடைக்குக் கீழே என்பதும் கடுமையான செய்திதான். அழுகையைக் காட்டாமல் உரிமையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அன்றைய கிராமத்துக்காரருக்கு இதைப் படிக்க எழுத்து தேவையில்லை. எந்தச் சின்னம் யாருடையது என்று தெரிந்தால் போதும்.

993: ஈழத்துக்குப் போன படை

இப்போது அந்த நிற்கும் மனிதரைத் தேடி ஈழத்துக்குப் போகலாம். அங்கே அனுராதபுரத்தில் ஐந்தாம் மகிந்தன் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய பிரச்சினை ரொம்ப எளிமையானது: கஜானாவில் பணம் இல்லை. வரி சரியாக வசூலாகவில்லை, படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. சம்பளம் கிடைக்காத கேரள வீரர்கள் வில்லோடு அரண்மனை வாசலை மறித்து நின்றார்கள். மன்னர் சுரங்கப்பாதை வழியாகத் தப்பி, தெற்கே ரோகணைக்குப் போய்விட்டார். அங்குள்ள நிலைமையைச் சோழ மன்னரிடம் போய்ச் சொன்னது ஒரு குதிரை வியாபாரி. இவ்வளவையும் சொல்வது இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம்.

993 வாக்கில் ராஜராஜனின் படை ஈழத்தில் இறங்கியது. பல நூற்றாண்டுகள் தலைநகராக இருந்த அனுராதபுரம் வீழ்ந்தது. பொலன்னறுவை சோழரின் புதிய தலைநகரானது. அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். ஜனநாதன் என்பதும் ராஜராஜனின் பட்டம்தான். மாதோட்டத் துறைமுகம் ராஜராஜபுரம் ஆனது. அங்கே தாழி குமரன் என்ற சோழ அதிகாரி ஒரு சிவன் கோயில் கட்டினார். ஈழத்தின் பெயரே மும்முடிச் சோழ மண்டலம் என்று மாறியது.

ஊருக்குப் பெயர் மாற்றியாகிவிட்டது. காசு?

நிற்கும் மனிதர் எங்கிருந்து வந்தார்?

ஈழத்தில் ஏற்கெனவே ஒரு தங்கக் காசு புழக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், நாகரியில் இலங்கை மன்னரைக் குறிக்கும் எழுத்து. ராஜராஜனின் காசைப் பக்கத்தில் வைத்தால் உறவு பளிச்சென்று தெரியும். அதே நிற்கும் மனிதர், அதே அமர்ந்த உருவம், அதே எழுத்து வகை. மாறியது பெயர் மட்டும்தான். நாணயவியலாளர்கள் பலரும் ஏற்கும் கருத்து இதுதான்: ராஜராஜன் இந்த வடிவத்தை ஈழத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

தமிழ் மன்னரின் காசில் தமிழ் எழுத்து ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. வடிவத்தோடு எழுத்து முறையும் சேர்ந்தே வந்தது.

இன்னொரு தடயமும் உண்டு. ஈழக்காசு என்ற பெயர், ராஜராஜனின் படையெடுப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் வருகிறது. அதாவது படை கடல் தாண்டுவதற்கு முன்பே காசு கடல் தாண்டி வந்துவிட்டது. வியாபாரிகள் அதை நம்பினார்கள், மக்கள் வாங்கினார்கள்.

ஒரு புது நாட்டைப் பிடித்த மன்னருக்கு இரண்டு வழிகள். தன் சின்னத்தைப் போட்டுப் புதுக் காசு அடித்து, இதை வாங்கு என்று கட்டாயப்படுத்தலாம். அல்லது மக்கள் ஏற்கெனவே நம்பும் காசில் தன் பெயரைப் போடலாம். இரண்டாவது வழியில் சந்தை தடுமாறாது. அரிசி வாங்குபவர், உப்பு விற்பவர் யாரும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. பழகிய முகம், புதிய பெயர். இந்தக் காசு ஈழத்தில் மட்டுமல்ல, சோழ நாட்டுக்குள்ளும் பெரிய அளவில் புழங்கியது.

ஆக, இந்தக் காசில் படைவீரன் இல்லாததற்குக் காரணம் ராஜராஜன் போரை மறைத்தார் என்பதல்ல. காசே ஒரு போர்ச் சின்னம். வென்ற நாட்டின் பணத்தையே தன் பணமாக மாற்றிக்கொண்டார்.

கல்லில் ஒரு செய்தி, காசில் ஒரு செய்தி

போர்களைச் சொல்ல ராஜராஜனிடம் வேறொரு ஊடகம் இருந்தது. அதன் பெயர் மெய்க்கீர்த்தி. கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னரின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் பகுதி. அதைச் சோழர் கல்வெட்டுகளில் ஒரு நிலையான வடிவமாக்கியவர் ராஜராஜன்தான். ஒரு கிராமத்தில் விளக்குக்கு ஆடு கொடுத்த சின்னக் கல்வெட்டாக இருந்தாலும், முதலில் மன்னரின் வெற்றிப் பட்டியல் வரும்.

ஆண்டு கூடக் கூடப் பட்டியலும் நீளும். கங்கபாடி, நுளம்பபாடி, வேங்கை நாடு, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம், ஈழம், இரட்டபாடி, கடைசியில் கடலில் உள்ள பழந்தீவுகள். இந்தத் தீவுகள் மாலத்தீவு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று ஒரு கல்வெட்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கணிக்க, இந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதே ஆய்வாளர்களுக்கு ஒரு அளவுகோல். போன் சாஃப்ட்வேர் மாதிரி, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு அப்டேட்.

ஆனால் கல்வெட்டைப் படிக்க ஒருவர் கோயிலுக்கு வர வேண்டும், எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும். காசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது தானாகவே சந்தைக்கும், தோணித்துறைக்கும், கடல் தாண்டியும் போகும். விரிவான செய்தி கல்லில், சுருக்கமான செய்தி செம்பில். இரண்டையும் ஒரே சமயத்தில் பயன்படுத்தியதுதான் ராஜராஜனின் கெட்டிக்காரத்தனம்.

போர்ச் செல்வம் எங்கே போனது?

1010-இல், ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், தஞ்சை ராஜராஜேஸ்வரத்தின் விமானத்தில் கலசம் ஏறியது. நாம் பெரிய கோயில் என்கிறோம். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த செல்வத்திலிருந்தும், சாளுக்கிய மன்னர் சத்யாசிரயரை வென்றபோது கிடைத்ததிலிருந்தும் கொடுத்த பொருள்கள் எவை எவை என்று கோயில் சுவரிலேயே கணக்கு இருக்கிறது. தங்கத்தை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். அதையும் எழுதி வைத்தார்கள்.

காசில் காணாமல் போன படைவீரர்கள் இங்கேதான் கிடைக்கிறார்கள். கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. திருச்சுற்று மாளிகையைக் கட்டியவர் சேனாதிபதி கிருஷ்ணன் ராமன். ரோமானியப் பேரரசர் வீரனைக் காசில் படமாகப் போட்டார். ராஜராஜன் கோயில் சுவரில் பெயராகப் போட்டார்.

கோயிலுக்கு வந்த பணம் பூட்டி வைக்கப்படவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது. வட்டி ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். 100 காசு வாங்கிய ஊர் ஆண்டுக்கு 12.5 காசு கட்ட வேண்டும். இங்கே காசு என்றால் நாம் பார்த்த செப்புக் காசு என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கணக்குகளில் காசு என்பது தங்கக் காசு.

அன்றாடச் சம்பளம்? அது டெல்டாவின் சொந்த நாணயத்தில்தான் நடந்தது. நெல்! கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருமானமும் ஒதுக்கப்பட்டது. அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் இடையர்களிடம் விடப்பட்டன. அவர்கள் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். செம்பு, தங்கம், நெல், நெய் நான்குமே பணமாகப் புழங்கிய பொருளாதாரம் இது.

இந்த அமைப்பு ஓட நிலக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். அதற்காக 1001 வாக்கில் சோழ நாடு முழுக்க நிலம் அளக்கப்பட்டது. நாடுகள் சேர்த்து வளநாடுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கும் மன்னரின் பட்டங்களே பெயராயின. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயும் தஞ்சைக் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டது.

அதே மன்னர்தான், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். கடல் வணிகம் செய்யும் நட்பு நாட்டை அனுசரித்துப் போகவும் அவருக்குத் தெரியும். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்து போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

தோற்றவர்கள் என்ன எழுதினார்கள்?

காசும் மெய்க்கீர்த்தியும் வென்றவர் தரப்பு. இன்னொரு தரப்பும் எழுதி வைத்திருக்கிறது.

1007 வாக்கில் கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் பொறிக்கப்பட்ட ஹொட்டூர் கல்வெட்டு சத்யாசிரயர் தரப்பு ஆவணம். சோழப் படை 9 லட்சம் பேரோடு வந்து நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றது, பெண்களைப் பிடித்துச் சென்றது என்று அது குற்றம் சாட்டுகிறது. எண்ணிக்கை மிகைதான். எதிரியைக் கொடியவனாகக் காட்டுவதும் அந்தக் கால எழுத்தின் வழக்கம். ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. பெரிய கோயிலின் தங்கப் பட்டியலில் சத்யாசிரயரிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கும் பொருள்கள் எப்படி வந்திருக்கும்? அதற்கான மறுபாதிக் கணக்குதான் ஹொட்டூரில் இருக்கிறது.

ஈழத்திலும் இதே கதை. ராஜராஜனுக்குப் பிறகு 1017-இல் ராஜேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைப் பிடித்தது. அவருடைய மணிமுடியும் செல்வமும் சோழ நாட்டுக்குப் போயின. விகாரைகளில் இருந்த பொன் உருவங்கள் கொள்ளை போனதைச் சூளவம்சம் வேதனையோடு சொல்கிறது. மகிந்தன் 12 ஆண்டுகள் சிறையில் இருந்து சோழ நாட்டிலேயே இறந்தார்.

ராஜராஜனைக் கொண்டாடுபவர்கள் கோயிலைக் காட்டுவார்கள். விமர்சிப்பவர்கள் கொள்ளையைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் படித்தால் கூட்டல் சரியாக வராது.

மன்னர் மறைந்தார், காசு மறையவில்லை

1012-இல் ராஜேந்திரன் இணை மன்னரானார். 1014-இல் ராஜராஜன் மறைந்தார். ஏறக்குறைய 29 ஆண்டு ஆட்சி.

ஈழத்தில் சோழர் ஆட்சி இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1070 வாக்கில் முதலாம் விஜயபாகு சோழர்களை விரட்டினார். ஜனநாதமங்கலம் மறுபடியும் பொலன்னறுவை ஆனது. சோழர் வைத்த பெயர்கள் போயின, வரி போனது, படை போனது.

அந்த நிற்கும் மனிதர் மட்டும் போகவில்லை. முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி, சாகசமல்லன் என அடுத்தடுத்து வந்த இலங்கை ஆட்சியாளர்கள் வெளியிட்ட செப்புக் காசுகளைப் பாருங்க. அதே நிற்கும் உருவம், அதே அமர்ந்த உருவம், அதே நாகரி எழுத்து. ஸ்ரீ ராஜராஜ இருந்த இடத்தில் அவரவர் பெயர். பிற்பாடு யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசுகளிலும் ஒரு பக்கம் நிற்கும் உருவம் வருகிறது. மறுபக்கம் நந்தியும் தமிழில் சேது என்ற சொல்லும்.

ஈழத்தில் பிறந்து, ராஜராஜனின் பெயரைத் தாங்கித் தஞ்சை வரை வந்து, மறுபடியும் ஈழத்து மன்னர்களிடமே போய்ச் சேர்ந்த வடிவம் இது. வென்றவர், தோற்றவர், மீண்டவர் மூவருமே அதை மாற்றவில்லை. காரணம் ஒன்றுதான். சந்தையில் இருந்த சாதாரண மக்கள் அதை நம்பினார்கள்.

சுதந்திர இந்தியாவிலும் ராஜராஜன் பணத்தில் வந்திருக்கிறார், ஆனால் முகமாக அல்ல. 1954-இல் வெளியான 1,000 ரூபாய் நோட்டில் பெரிய கோயில் இருந்தது. 1978-இல் அந்த நோட்டு செல்லாததானது. கோயிலின் 1,000-ஆவது ஆண்டையொட்டி 2010-இல் 1,000 ரூபாய், 5 ரூபாய் நினைவு நாணயங்கள் அறிவிக்கப்பட்டன.

இந்தக் காசு உங்கள் கையில் கிடைத்தால்?

டெல்டாவில் வயல் உழும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் பழங்காசுகள் கிடைப்பதுண்டு. அப்போது தெரிந்திருக்க வேண்டிய மூன்று விஷயங்கள்:

ஒன்று, மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சொன்னாலும் தகவல் மேலே போகும்.

இரண்டு, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனிநபர்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆன்லைனில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை கேட்கிறார் என்று பார்சல் போட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

மூன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சை படிந்த செம்பைப் பளபளப்பாக்கினால் மேலே இருக்கும் மெல்லிய எழுத்து அழிந்துவிடும். கிடைத்த இடம், ஆழம், கூடக் கிடைத்த பானை ஓடு எல்லாம் காசைவிட முக்கியமான தகவல்கள். அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

சோழர் காசுகளை நேரில் பார்க்க வேண்டும் என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே புலி, மீன், வில்லைத் தேடுங்கள். பக்கத்திலேயே அந்தக் கோட்டு மனிதரும் இருந்தால், அவர் எந்தக் கடலைத் தாண்டி வந்தார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.